ஸ்டீவ் ஜாப்ஸ் பாதியில் விட்ட கல்லூரிக்கு மகளை அனுப்பலாமா?

பீவர்ட்டன்வாசி | ஏப்ரல் 14, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி, இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை.

மூத்த மகள் பதினோராம் வகுப்பில் இருக்கிறாள். படிப்பில் கெட்டிதான், ஆனால் போட்டி என்றால் ஒதுங்கிக்கொள்வாள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். போன கோடையில் அவள் பாட்டியின் பழைய கை தையல் மிஷினைப் பிரித்துப் போட்டு, மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்தாள். தைக்கத் தெரியுமா என்றால் தெரியாது, அது ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம்.

போன வாரம் "ரீட் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன்" என்று அறிவித்துவிட்டாள். எனக்கு ரீட் என்றால் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஸ்டீவ் ஜாப்ஸ் பாதியில் விட்டுவிட்டுப் போன இடம். பதினாறு வருடமாக போர்ட்லேண்ட் பக்கம்தான் குடியிருக்கிறோம். கல்லூரி வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

அலுவலகத்தில் விசாரித்தால் பாதிப் பேருக்குப் பெயரே தெரியவில்லை, மீதிப் பேர் சிரிக்கிறார்கள். ரேங்க் பட்டியலில் தேடினால் எங்கோ கீழே கிடக்கிறது. கட்டணமோ தங்குமிடம், சாப்பாடு சேர்த்து ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. அங்கே படித்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கோடெழுத்து | ஏப்ரல் 14, இரவு 9:40

சார், கொர்வாலிஸில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட்டுக்கு அனுப்புங்கள். சொந்த மாநிலக் கட்டணம், பொறியியல் உண்டு, வேலை உண்டு. ரீடில் பொறியியல் துறையே கிடையாது.

தாமிரபரணி மாமா | ஏப்ரல் 15, காலை 10:05 (இந்திய நேரம்)

தம்பி, தெரியாமல்தான் கேட்கிறேன். லிபரல் ஆர்ட்ஸ் என்றால் ஓவியம், பாட்டு, கூத்தா? அதற்கா 80 ஆயிரம் டாலர்? என் மருமகனும் அமெரிக்கா போக வேண்டும் என்று துடிக்கிறான், அதனால்தான் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

வைகைக்கரை | ஏப்ரல் 15, காலை 11:30 (இந்திய நேரம்)

மாமா, ஓவியமும் உண்டு, ஆனால் அந்தப் பெயரின் பொருள் அதுவல்ல. கணிதம், இயற்பியல், வேதியியல், வரலாறு, தத்துவம், மொழி, பொருளாதாரம் எல்லாம் இதில் அடக்கம். ஒரு தொழிலுக்கு என்று பழக்காமல் பல துறைகளையும் தொட்டுவிட்டு ஒன்றில் ஆழப் போவது. அமெரிக்காவில் இதற்கென்றே சின்னச் சின்னத் தனியார் கல்லூரிகள் உண்டு. முனைவர் பட்ட மாணவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். அதனால் பேராசிரியரே இளநிலை மாணவர்களோடு உட்கார்ந்து மாரடிக்க வேண்டும்.

நமக்கு இது அவ்வளவு அன்னியமும் இல்லை. மதுரையில் 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி அந்த நாட்டு மிஷனரிகள் வைத்ததுதான். ஒகையோவில் இருக்கும் ஓபர்லின் இதே வகைக் கல்லூரி. அங்கே பட்டம் முடித்த இளைஞர்கள் எங்கள் ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர்களில் சிலரோடு டீக்கடையில் நின்று பேசியிருக்கிறேன். இருபத்திரண்டு வயதுப் பையன், படித்தது மண்ணியல், ஆனால் கிரேக்க நாடகத்தைப் பற்றி அரை மணி நேரம் விடாமல் பேசுவான். அப்போதுதான் இந்தக் கல்லூரிகளின் மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. ரீடைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

நீலப்பாலம் | ஏப்ரல் 15, மாலை 6:48

இந்த இழைக்காகவே கடவுச்சொல்லைத் தேடிப் பிடித்து உள்ளே வந்தேன். நான் ரீடில் வேதியியல் படித்தவள். படித்து முடித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். மொத்தக் கல்லூரியிலும் 1,400 பேர் போலத்தான். நம் ஊரில் ஒரு பெரிய மேல்நிலைப் பள்ளியில்கூட இதைவிட அதிகம் இருப்பார்கள். விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடம் கிடைக்கும், சில வருடம் அதற்குக் கூடக் குறைய இருக்கும். இதே வகைக் கல்லூரிகளான ஸ்வார்த்மோர், பொமோனா அளவுக்குக் கதவு இறுக்கம் இல்லை. ஆனால் உள்ளே போன பிறகுதான் இறுக்கமே.

வகுப்புக்கு அங்கே பெயர் கான்ஃபரன்ஸ். ஒரு மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர், நடுவில் எல்லோரும் வாசித்துவிட்டு வந்த புத்தகம். வாசிக்காமல் போனால் முதல் ஐந்து நிமிடத்தில் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். முதலாண்டில் எந்தத் துறையானாலும் ஹியூமானிட்டிஸ் 110 என்ற பாடம் வருடம் முழுக்கக் கட்டாயம். வாரம் மூன்று விரிவுரை, அப்புறம் கான்ஃபரன்ஸ், கட்டுரை மேல் கட்டுரை. என் காலத்தில் ஹோமரில் தொடங்கி கிரேக்கம், ரோம் என்று போனது.

பிறகு மதிப்பெண். இதைத்தான் நம் ஆட்களுக்கு விளங்க வைப்பது கஷ்டம். மதிப்பெண் உண்டு, பதிவேட்டில் ஏறும். ஆனால் சி அல்லது அதற்கு மேல் என்றால் உங்களிடம் சொல்லமாட்டார்கள். கட்டுரையைத் திருப்பித் தரும்போது ஓரத்தில் பத்தி பத்தியாகக் கருத்து இருக்கும், எழுத்தோ எண்ணோ இருக்காது. வேண்டுமானால் ஆலோசகரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் மூன்றாம் வருடம் வரை கேட்கவில்லை. என் அம்மா வாரா வாரம் தொலைபேசியில் "எத்தனை மார்க்?" என்பார். "தெரியாதும்மா" என்பேன். நான் ஃபெயிலாகி மறைக்கிறேன் என்றே இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் ஆண்டு முடிவில் தகுதித் தேர்வு ஒன்று உண்டு. குவால் என்போம். அதைத் தாண்டினால்தான் நான்காம் ஆண்டில் தீசிஸ், அதாவது ஆய்வேடு, எழுத விடுவார்கள். நடனம் படித்தாலும் சரி, கணிதம் படித்தாலும் சரி, தீசிஸ் இல்லாமல் ரீடில் பட்டம் கிடையாது. ஒரே கேள்வி, ஒரு முழு வருடம், கூடவே ஒரு பேராசிரியர். முடிவில் நான்கு ஆசிரியர்கள் முன்னால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வாய்மொழித் தேர்வு. எல்லோருடைய ஆய்வேட்டையும் கட்டு கட்டி நூலகத்தில் அதற்கென்றே இருக்கும் கோபுரத்தில் வைத்துவிடுவார்கள். என்னுடையதும் அங்கே இருக்கிறது. யாரும் எடுத்து வாசித்திருக்கமாட்டார்கள் என்பது வேறு கதை.

வசந்தப் பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மதியம் கெடு. ஆய்வேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நூலகத்திலிருந்து எலியட் ஹால் பதிவாளர் அலுவலகம் வரை ஊர்வலம். தலையில் இலைக் கிரீடம், மேளதாளம், ஷாம்பெயின். பழைய வரைவுகளை நெருப்பில் போடுவோம். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட நான் அப்படி அழுததில்லை.

பெண் மூன்று வாரம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் இவ்வளவும் எழுதத் தோன்றியது.

தாமிரபரணி மாமா | ஏப்ரல் 16, காலை 7:45 (இந்திய நேரம்)

மார்க் போட்டுவிட்டுச் சொல்லமாட்டார்களா? நல்ல கூத்து.

கோடெழுத்து | ஏப்ரல் 15, இரவு 8:02

மதிப்பெண்ணைச் சொல்லாவிட்டால் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது என்ன செய்வார்கள்? சொல்லாமல் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஏ போட்டுவிடுவார்களோ? ஜாப்ஸே ஆறு மாதத்தில் ஓடிவிட்டார். அதுவே எல்லாம் சொல்கிறதே.

நீலப்பாலம் | ஏப்ரல் 15, இரவு 10:31

நேர் எதிர். வேறு இடங்களில் வருடத்துக்கு வருடம் ஏ கூடிக்கொண்டே போக, ரீடில் சராசரி முப்பது நாற்பது வருடமாக நான்குக்கு 3-ஐ ஒட்டியே நிற்கிறது. முழு 4 வாங்கி வெளியே போனவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சான்றிதழ் அனுப்பும்போது "எங்கள் பி-யை மற்றவர்களின் பி மாதிரிப் பார்க்காதீர்கள்" என்ற பொருளில் ஒரு விளக்கத் தாளையும் கூட வைப்பார்கள். முனைவர் பட்டத் துறைகளுக்கு அது தெரியும். பட்டம் பெற்றவர்களில் எத்தனை சதவீதம் பேர் பின்னால் பிஎச்.டி. முடிக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தால், மொத்த அமெரிக்காவிலும் ரீட் முதல் சில இடங்களுக்குள் வரும். மருத்துவக் கல்லூரிக்குப் போக நினைப்பவர்களுக்கு இது இடிக்கலாம். அதை மறைக்கமாட்டேன்.

ஜாப்ஸ் கதையைப் பாதி சொன்னால் எப்படி? 1972 இலையுதிர் காலத்தில் சேர்ந்தார், ஒரு பருவம் முடிந்ததும் விலகினார். பெற்றோரின் சேமிப்பைக் கரைக்க மனமில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு ஒன்றரை வருடம் நண்பர்கள் அறைத் தரையில் படுத்துக்கொண்டு, பிடித்த வகுப்புகளில் மட்டும் போய் உட்கார்ந்தார். கட்டணம் கட்டாத பையனை வகுப்பில் உட்காரவிட்ட கல்லூரி என்றும் இதைச் சொல்லலாம் அல்லவா? அப்படிப் போன வகுப்பில் ஒன்றுதான் ராபர்ட் பல்லடினோ நடத்திய எழுத்துக்கலை. அவர் ஒரு காலத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவி. அவருக்கு முன்னால் லாயிட் ரேனால்ட்ஸ் என்பவர் பல வருடம் நடத்தி வளர்த்த வகுப்பு அது. ஆப்பிளின் மேக் கணினி எழுத்துருக்கள் அழகாக இருப்பதற்கு அந்த வகுப்புதான் வேர் என்று ஜாப்ஸ் 2005-இல் ஸ்டான்ஃபோர்டில் பேசினார். வேடிக்கை என்னவென்றால், 1984-இல் மேக் வெளிவந்த அதே வருடம் அந்த வகுப்பு நின்றுபோனது.

கோடெழுத்து | ஏப்ரல் 15, இரவு 10:50

அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை ஏழு மைல் நடந்து ஹரே கிருஷ்ணா கோயிலுக்குச் சாப்பிடப் போனது, ஆப்பிள் தோட்டம், பிறகு இந்தியா வந்தது எல்லாம்...

மட்டுறுத்துநர் | ஏப்ரல் 15, இரவு 11:04

ஜாப்ஸ் வாழ்க்கை வரலாற்றுக்கு வேறு இழை இருக்கிறது. எட்டுப் பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே கல்லூரியைப் பேசுவோம்.

பீவர்ட்டன்வாசி | ஏப்ரல் 16, மதியம் 12:20

நீலப்பாலம், ரொம்ப நன்றிம்மா. என் மனைவிக்கு உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். "அந்த அம்மா பாவம்" என்றாள், உங்கள் அம்மாவைத்தான். அது சரி, ரேங்க் ஏன் அவ்வளவு கீழே?

நீலப்பாலம் | ஏப்ரல் 16, மாலை 5:55

ஏனென்றால் ரீட் அந்த ஆட்டத்தில் இல்லை. யு.எஸ். நியூஸ் பத்திரிகை கல்லூரிகளுக்கு ஒரு படிவம் அனுப்பும். அதை நிரப்பித் திருப்பி அனுப்பினால் ரேங்க் போடுவார்கள். 1995-இல் அப்போதைய தலைவர் ஸ்டீவன் கோப்ளிக் நிரப்பமாட்டோம் என்று சொல்லிவிட்டார். இந்தக் கணக்குக்காகக் கல்லூரிகள் புள்ளிவிவரத்தை வளைக்கின்றன, நாங்கள் அதில் சேரமாட்டோம் என்பது நிலைப்பாடு. பத்திரிகை பதிலுக்கு, நிரப்பாத கட்டங்களுக்கெல்லாம் அடிமட்ட மதிப்பைப் போட்டு ரீடைக் கடைசிக் கால் பகுதிக்குத் தள்ளியது. கடும் விமர்சனம் வந்த பிறகு அந்த முறையைக் கைவிட்டார்கள், ஆனால் ரீட் மேலே ஏறவில்லை.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 2019-இல் ரீடின் புள்ளியியல் மாணவர்கள் அந்தச் சூத்திரத்தையே மறுபடி கட்டிப் பார்த்தார்கள். பட்டியலில் ரீட் 90-ஆவது. மற்ற கல்லூரிகளுக்குப் போட்ட அதே கணக்கை ரீடுக்கும் போட்டால் 38 வர வேண்டும் என்று கண்டார்கள். வகுப்புப் பாடத்துக்குச் செய்த வேலை!

நான் கொஞ்சம் நிதானமாகவும் சொல்ல வேண்டும். ரேங்க் வேண்டாம் என்பதே ஒரு விளம்பரம் ஆகிவிடும் அபாயம் உண்டு. ரீட்காரர்கள் இதை மார்தட்டிச் சொல்லும்போது எனக்கே சில சமயம் கூச்சமாக இருக்கும்.

நியூஜெர்சி கலா | ஏப்ரல் 16, இரவு 9:17

யாரும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். எத்தனை பேர் முடிக்கிறார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், என் மகன் இதே வகைச் சின்னக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். ரீட் இல்லை, வேறு மாநிலம், பெயர் வேண்டாம். இரண்டாம் வருடம் நவம்பரில் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு கூட்டத்துக்குப் போய்விடலாம். சின்ன இடத்தில் நான்கு பேரோடு மனத்தாங்கல் என்றால் மொத்த ஊரோடும் மனத்தாங்கல் மாதிரி. சாப்பாட்டுக்கூடத்தில் யாரையும் தவிர்க்க முடியாது. வாரம் ஒருமுறை பேசும்போது "நல்லா இருக்கேம்மா" என்பான், நானும் நம்பினேன். இப்போது மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அந்தக் குளிர்காலத்தை நான் மறக்கமாட்டேன்.

உங்கள் பெண் போட்டியைக் கண்டால் ஒதுங்குவாள் என்றீர்கள். கஷ்டம் வந்தால் வாய் திறந்து சொல்லுவாளா? அதை முதலில் பாருங்கள் அண்ணா.

நீலப்பாலம் | ஏப்ரல் 16, இரவு 11:26

கலா அக்கா, சரியான கேள்வி. ரீடில் ஆறு வருடத்துக்குள் பட்டம் முடிப்பவர்கள் 80 சதவீதத்தை ஒட்டித்தான். ஸ்வார்த்மோர், பொமோனா போன்ற இடங்களில் 90-ஐத் தாண்டும். பழைய காலத்தில் ரீடின் எண்ணிக்கை இன்னும் மோசம். முதலாண்டில் என் மாடியில் இருந்த சிலர் மூன்றாம் ஆண்டில் இல்லை. சிலர் பணத்தால் போனார்கள், சிலர் உடம்பு முடியாமல், சிலருக்கு மழை. சிரிக்காதீர்கள், போர்ட்லேண்டில் நவம்பர் முதல் மார்ச் வரை அந்தச் சாம்பல் வானத்தின் கீழே நூலகத்துக்கும் அறைக்கும் நடப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

போதைப்பொருள் பற்றியும் யாராவது கேட்பீர்கள், நானே சொல்கிறேன். 2008-இலும் 2010-இலும் ஹெராயின் அளவு மீறி இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். மத்திய அரசு வழக்கறிஞர் கல்லூரித் தலைவரைக் கூப்பிட்டு எச்சரிக்கும் அளவுக்குப் போனது. அதன் பிறகு கெடுபிடி கூடியது. 'ஹானர் பிரின்சிபிள்' என்று ஒன்று அங்கே உண்டு. கண்காணிப்பாளர் இல்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் பரீட்சை எழுதலாம், எழுதி வைத்த விதிப்பட்டியல் குறைவு, அடுத்தவருக்குத் தீங்கு வரக் கூடாது என்பதே அடிப்படை. பெரும்பாலும் அது அழகாக வேலை செய்யும். அது வேலை செய்யாத இடமும் உண்டு என்பதற்கு அந்த இரண்டு வருடங்கள் சாட்சி.

வைகைக்கரை | ஏப்ரல் 17, காலை 6:40 (இந்திய நேரம்)

இணையத்தில் தேடியபோது ரீடுக்கு "கம்யூனிசம், நாத்திகம், கட்டற்ற காதல்" என்று ஒரு கேலி முழக்கம் இருப்பதாகப் பார்த்தேன். கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் அங்கே என்ன நடந்தது என்றும் கொஞ்சம் வாசித்தேன். 1954-இல் நாடாளுமன்றக் குழு விசாரணைக்குப் பிறகு ஸ்டான்லி மூர் என்ற தத்துவப் பேராசிரியரை நிர்வாகக் குழு வேலையை விட்டு நீக்கியிருக்கிறது. நிரந்தரப் பணியில் இருந்தவர். நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது 1981-இல். இருபத்தேழு வருடம்! முழக்கத்தைச் சட்டையில் அச்சடிப்பது எளிது போல.

நீலப்பாலம் | ஏப்ரல் 17, காலை 8:12

ஐயா, அதை நாங்களே வகுப்பில் சொல்லிக்காட்டுவோம். இன்னொன்றும் உண்டு. சமையல் உலகில் பெரிய பெயரான ஜேம்ஸ் பியர்டை 1920களின் தொடக்கத்தில் தன்பாலின உறவுக்காக வெளியேற்றினார்கள். 1976-இல் கூப்பிட்டுக் கௌரவப் பட்டம் கொடுத்தார்கள். அவரோ சொத்தின் பெரும்பகுதியைக் கல்லூரிக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். மனுஷன்!

தொடக்கமே ஒரு உயிலில்தான். கப்பல் தொழிலில் சம்பாதித்த சிமியன் ரீடின் மனைவி அமாண்டா, 1904-இல் இறந்தபோது சொத்தைக் கல்விக்கு விட்டுப்போனார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். நம் ஊர்க் கதைதான். 1908-இல் கல்லூரி உருவாகி 1911-இல் வகுப்புகள் தொடங்கின. முதல் தலைவர் வில்லியம் ஃபாஸ்டருக்கு அப்போது முப்பது வயதை ஒட்டித்தான். ஃபிராட்டர்னிட்டி என்ற மாணவர் சங்கக் கூத்துகளும் கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டிகளும் இங்கே வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தார். இன்றைக்கும் ரீடில் கால்பந்து அணிக்கான உதவித்தொகை, ஆரவாரம் ஒன்றும் கிடையாது. அதற்குப் பதில் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் ஒரு கான்கிரீட் ஆந்தை இருக்கிறது. ஒரு விடுதிக்காரர்கள் திருடி ஒளித்து வைப்பார்கள், இன்னொரு கூட்டம் பறிக்கப் பார்க்கும். சேற்றில் உருண்டு சண்டை. படித்தவர்கள் செய்கிற வேலையா என்று கேட்காதீர்கள்.

தாமிரபரணி மாமா | ஏப்ரல் 17, இரவு 9:50 (இந்திய நேரம்)

ஆந்தை நம் வீட்டுக் கூரையில் உட்கார்ந்தாலே ஆகாது என்போம். அங்கே அடிதடியே நடக்கிறதா? அது கிடக்கட்டும், என் மருமகன் போனால் வேலை கிடைக்குமா?

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 17, மாலை 7:30

பணம் பற்றி நான் சொல்கிறேன், இதுதான் என் தொழில்.

மாமா, உங்கள் மருமகன் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போவார். படிப்பு முடிந்ததும் ஓபிடி என்று 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், கணிதம், கம்ப்யூட்டர் போன்ற பாடம் என்றால் இன்னும் 24 மாதம் நீட்டிப்பு. வரலாறோ இலக்கியமோ எடுத்தால் அந்த 12-தான். கல்லூரியின் பெயரைவிட எடுக்கும் பாடம் இங்கே முக்கியம்.

பீவர்ட்டன்வாசி, உங்கள் மகள் இங்கே பிறந்தவள் என்று வைத்துக்கொள்கிறேன். சேர்த்துக்கொள்ளும் மாணவருக்கு, குடும்பத்தால் கட்ட முடியாத தொகை எவ்வளவோ அதை முழுக்க ஈடுகட்டுவதாக ரீட் சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் கட்ட முடியும், முடியாது என்று தீர்மானிப்பது நீங்கள் அல்ல, அவர்கள். சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற படிவத்தில் சம்பளம், சேமிப்பு, பங்கு, வீடு எல்லாம் கேட்பார்கள். இரண்டு பேர் சிப் கம்பெனியில் சம்பாதிக்கும் வீடு என்றால் பெரிதாக ஒன்றும் வராது. இன்னொன்று, உதவி கேட்கிறார்களா என்பதையும் இடம் கொடுக்கும்போது அவர்கள் கணக்கில் எடுப்பதுண்டு. விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரித் தளத்தில் இருக்கும் செலவுக் கணிப்பானில் எண்களைப் போட்டுப் பாருங்கள், இருபது நிமிடம்தான். முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழிகள் இரண்டில், ஏர்லி டிசிஷனில் மட்டும் அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள். இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும், மற்ற கல்லூரிகளின் தொகையோடு ஒப்பிட வழி இருக்காது. ஏர்லி ஆக்‌ஷனில் அந்தக் கட்டு இல்லை.

கோடெழுத்து | ஏப்ரல் 17, இரவு 8:15

இதைத்தான் நானும் சொல்கிறேன். நான்கு வருடத்துக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அதை வைத்து ஊரில் தெருவையே வாங்கலாம்.

நீலப்பாலம் | ஏப்ரல் 17, இரவு 10:40

முழுத் தொகை கட்ட வேண்டி வந்தால், கடன் வாங்கிப் போகாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். எனக்குப் பெரும்பகுதி உதவித்தொகையாகவே கிடைத்தது. கிடைக்காமல் இருந்திருந்தால் யூஜினில் இருக்கும் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஹானர்ஸ் கல்லூரிக்குப் போயிருப்பேன். அதுவும் நல்ல இடம்.

ஆனால் கோடெழுத்து அண்ணாவுக்கு ஒரு சேதி. ரீடில் அணு உலை இருக்கிறது. 1968-இல் ஓடத் தொடங்கிய ஆய்வு உலை, மின்சாரம் எடுப்பதற்கு இல்லை. அதை இயக்குபவர்கள் பெரும்பாலும் இளநிலை மாணவர்கள். இயற்பியல் மாணவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள், தத்துவமும் ஆங்கில இலக்கியமும் படிப்பவர்களும் உண்டு. ஒரு வருடம் பயிற்சி எடுத்து, அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தேர்வை எழுதி உரிமம் வாங்க வேண்டும். நான் வாங்கினேன். கிட்டத்தட்ட எட்டு மீட்டர் ஆழத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் உலை இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தால் நீல ஒளி. பத்தொன்பது வயதில், கட்டுப்பாட்டு மேசையில் என் கை. கொர்வாலிஸிலும் ஆய்வு உலை உண்டு, இதைவிடப் பெரியது. ஆனால் 1,400 பேர் படிக்கும் கல்லூரியில் இப்படி ஒன்றை மாணவர் கையில் கொடுப்பது வேறு மாதிரி நம்பிக்கை.

கோடெழுத்து | ஏப்ரல் 17, இரவு 10:58

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே!

வைகைக்கரை | ஏப்ரல் 18, காலை 9:25 (இந்திய நேரம்)

அந்த முதலாண்டுப் பாடம் கிரேக்கம், ரோம் என்றீர்கள். மற்ற உலகம் எங்கே போயிற்று என்று பிள்ளைகள் கேட்கவில்லையா?

நீலப்பாலம் | ஏப்ரல் 18, மாலை 6:20

கேட்டார்கள், நன்றாகவே கேட்டார்கள். நான் முடித்து வந்த பிறகு, 2016-இல் தொடங்கி மாணவர்கள் விரிவுரை நடக்கும்போதே மேடை அருகில் பதாகையோடு உட்கார்ந்து போராடினார்கள். சில ஆசிரியர்களுக்கு அது பெரும் மன உளைச்சல், ஒரு விரிவுரை நின்றே போனது. 2018-இல் பாடம் மாறியது. இப்போது பழைய மத்தியதரைக் கடல் உலகம், ஏதென்ஸ் ஆகியவற்றோடு மெக்சிகோ நகரம், நியூயார்க்கின் ஹார்லெம் என்று போகிறது. என் வகுப்புத் தோழர்களில் பாதிப் பேர் மகிழ்ந்தார்கள், பாதிப் பேர் ஹோமர் குறைந்துவிட்டாரே என்று புலம்பினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் மனசு. ஹோமரின் இலியத்தில் பிரியாம் மன்னன் தன் இறந்த மகனின் உடலைக் கேட்டு வரும் இடத்தை வாசித்துவிட்டு அந்த மேசையில் யாரும் ஐந்து நிமிடம் பேசவில்லை, அது எனக்கு மறக்காது. அதே சமயம் நம் ஊர் இலக்கியம் ஒரு வரிகூட அந்த மேசைக்கு வரவில்லையே என்றும் அன்றைக்கே தோன்றியது.

பீவர்ட்டன்வாசி | ஏப்ரல் 26, இரவு 8:45

போய் வந்தோம். காரில் போகலாம் என்றேன், மகள் மாட்டேன் என்றுவிட்டாள். மேக்ஸ் ரயிலில் நகரத்துக்குப் போய், அங்கிருந்து 19-ஆம் எண் பஸ்.

அவள் ஒரு வகுப்பில் உட்காரப் போய்விட்டாள். எனக்கு ஒன்றரை மணி நேரம் வேலையில்லை. கல்லூரிக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு ஓடுகிறது, கேனியன் என்கிறார்கள். ஊற்றுத் தண்ணீர், சின்ன ஏரி, வாத்து. சால்மன் ஏறி வருவதற்காக மீன் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார்கள். பதினாறு வருடமாக இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு இடம் இருப்பது தெரியாமல் இருந்திருக்கிறேன். பாலத்தில் நின்றபோதுதான் உங்கள் பெயருக்குப் பொருள் புரிந்தது, நீலப்பாலம்.

சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு காட்சி. தட்டு திருப்பும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை. சாப்பிட்டு முடித்தவர்கள் மிச்சத்தை அங்கே வைக்க, நிற்கும் பிள்ளைகள் அதை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். நான் திகைத்துப் போனேன். எச்சில்!

நீலப்பாலம் | ஏப்ரல் 26, இரவு 9:30

ஸ்க்ரவுஞ்சிங்! சாப்பாட்டுத் திட்டத்துக்குப் பணம் கட்டாதவர்களுக்கு அதுதான் வழி, பழைய வழக்கம். நானும் இரண்டாம் வருடம் நின்றிருக்கிறேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

நியூஜெர்சி கலா | ஏப்ரல் 26, இரவு 10:10

அது இருக்கட்டும் அண்ணா. வகுப்பிலிருந்து வெளியே வந்து பெண் என்ன சொன்னாள்?

பீவர்ட்டன்வாசி | ஏப்ரல் 27, காலை 7:05

முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பாதி வழியில், "அப்பா, ஒரு பையன் தான் சொன்னது தப்பு என்று நடுவிலேயே ஒத்துக்கொண்டான், யாரும் சிரிக்கவில்லை" என்றாள். அவள் பள்ளியில் அப்படி நடக்காதாம்.

உங்கள் கேள்வியையும் கேட்டேன் கலா. கஷ்டம் வந்தால் சொல்லுவாயா என்று. "நீங்கள் அரை மணி தூரத்தில்தானே இருக்கிறீர்கள்" என்றாள். அது பதில் இல்லை என்றேன். யோசித்துவிட்டு, "தையல் மிஷின் ஓடாதபோது சொன்னேனே" என்றாள். இரண்டாவது வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு என்னை எழுப்பி அழுதது உண்மைதான்.

பீவர்ட்டன்வாசி | அக்டோபர் 20, இரவு 9:50

இழையை மேலே கொண்டுவருகிறேன், மன்னிக்கவும். கணக்குப்பிள்ளை சொன்னபடி கணிப்பானில் எண்களைப் போட்டோம். கிடைக்கும் என்று காட்டும் உதவி கொஞ்சம்தான். சேமிப்பில் இருப்பதோடு சேர்த்தால் மூன்று வருடத்துக்கு வரும், நான்காவது வருடத்துக்கு வழி தேட வேண்டும். அதனால் ஏர்லி ஆக்‌ஷன். கூடவே ஓரிகன் ஸ்டேட்டும், யூஜின் ஹானர்ஸும். மூன்று கடிதமும் வந்த பிறகு மேசையில் வைத்துப் பேசுவதாக ஒப்பந்தம்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி வந்தது. ரீடில் ஜனவரி மாதம் பைடேயா என்று ஒரு வாரம் நடக்குமாம், மாணவர்களே தமக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம், நீ என்ன சொல்லிக்கொடுப்பாய் என்று கேட்கிறார்கள். நான் கோலம் என்று எழுதச் சொன்னேன். "அப்பா, எல்லாத் தமிழ்ப் பெண்ணும் அதைத்தான் எழுதும்" என்று ஒதுக்கிவிட்டாள். பழைய கை மிஷினைப் பிரித்துச் சேர்ப்பது எப்படி என்று எழுதியிருக்கிறாள்.

நீலப்பாலம் | அக்டோபர் 20, இரவு 10:22

இடம் கிடைத்து அந்த வகுப்பை நடத்தினால் சொல்லுங்கள், நான் வந்து முதல் வரிசையில் உட்காருகிறேன். மிஷினை யார் தூக்கி வருவது?

பீவர்ட்டன்வாசி | அக்டோபர் 20, இரவு 10:25

பதினான்கு கிலோ. 19-ஆம் எண் பஸ்ஸில் நான்தான்.